புகையா பனியா

வீடு கடலூர்ல, வேலை பாண்டியில. இப்படி இருக்கறவனுக்குன்னு தனியா ஒரு கஷ்டம் இருக்கு. போன மாசம் சொந்தத்துல ஒரு நிச்சயதார்த்தம், பந்தியில பக்கத்துல உக்காந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரு "தம்பிக்கு எங்க வேலை"ன்னாரு. பாண்டியிலங்க, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லன்னேன். "ஓ... பாண்டியா"ன்னு அந்த 'ஓ'வ ஒரு இழு இழுத்தாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சிடுச்சி அடுத்து என்ன வரப்போவுதுன்னு. "அப்ப சாயந்தரம் ஆனா கவலையே இல்லன்னு சொல்லுங்க." இல்லீங்க, எனக்கு அந்தப் பழக்கம் இல்லன்னேன். அதுக்கு அவரு, "குடிக்கிறவன் எவன் தம்பி ஒத்துக்கிட்டிருக்கான்"னு சொல்லிட்டு அப்பளத்த ஒடச்சாரு.

எதிர் எலைக்காரங்கல்லாம் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டு ரசத்துக்கு கைய நீட்டிட்டேன். ஆனா வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதையே யோசிச்சிட்டு வந்தேன். ஆமான்னு சொல்லியிருந்தா நான் குடிகாரன், இல்லன்னு சொன்னேன், அதனாலயும் குடிகாரன். அப்ப நான் என்ன பதில் சொல்லியிருந்தா அவரு நம்பியிருப்பாரு? ஒரு பதிலும் கெடையாது. எந்தப் பக்கம் போனாலும் அதே எடத்துல கொண்டுவந்து விடற வாதம் அது. காலைல ஆறே முக்கால் பஸ்ல எங்ககூட ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு சீட்டு போட போறவங்க, காலேஜ் பசங்க, பெரிய மார்க்கெட்டுக்கு கூடையோட போற அம்மாங்கன்னு அம்பது பேரு எல்லையில இருக்கற முள்ளோடைய தாண்டி போறோம், அதுல பாதிப் பேரு தூக்கத்துல கண்ணு கூட தொறக்கறதில்ல, ஆனா ஊருக்குள்ள பாண்டிக்கு பஸ் ஏறுறவன்னாலே ஒரே கணக்குதான்.

இந்த மாதிரி பேச்சுல எங்க ஓட்டை இருக்குன்னு பாக்குறது எனக்கு ஒரு வருஷத்துக்கு மேலாவே வியாதி மாதிரி ஆயிடுச்சி. வீட்ல யாருக்கும் இது புடிக்கல, அத முதல்லயே சொல்லிடறேன். நடுவுல கொஞ்ச நாள் வீடியோவா பாத்து ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்ல என்ன பேருன்னு மனப்பாடம் பண்ணி வச்சிக்கிட்டு, அம்மா ஏதாவது சொன்னா "அது ஸ்ட்ரா மேன்" (எதிராளி சொல்லாதத சொன்னதா வச்சி அடிக்கறது), பொண்டாட்டி ஏதாவது சொன்னா "இது ஆட் ஹோமினெம்" (பேச்ச விட்டுட்டு ஆள தாக்கறது)னு கிரிக்கெட் அம்பயர் மாதிரி கைய தூக்கிட்டு இருந்தேன். எங்கம்மாவுக்கு இதெல்லாம் தூசு. அவங்க கிட்ட சண்டையில இருந்து தப்பிக்க ஒரே ஒரு ஆயுதம் இருக்கு, நாப்பது வருஷமா வேலை செய்யுது. பேச்சு அவங்களுக்கு எதிரா திரும்பறப்போ "அடுப்புல பால் வச்சேன்"னு எந்திரிச்சி போயிடுவாங்க. பால் காலைலயே காய்ச்சியாச்சின்னு எல்லாருக்கும் தெரியும்.

இந்த வியாதி ஆரம்பிச்சது பெரியப்பா வீட்டுல, வெள்ளத்துல.

பெரியப்பா வீடு தென்பெண்ணை ஆத்துக்கு பக்கத்துல, குண்டு உப்பலவாடி பக்கம். ஆசையா கட்டுன வீடு, ஆனா ரோடு போட்டு போட்டு உயர்ந்து போயி வீடு பள்ளத்துல நிக்குது. லெவல் ஏத்திடுங்க பெரியப்பா, இப்பல்லாம் ஜாக்கி வச்சி அப்படியே வீட்ட தூக்கறாங்க, இல்லன்னா உள்ளயாவது ரெண்டடி மண்ணு கொட்டி தரைய ஒசத்துங்கன்னு எத்தனையோ வாட்டி சொல்லியாச்சி. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "டேய், சுனாமிக்கே இந்த வீட்டுக்கு தண்ணி வரல. தானே புயல் அடிச்சப்போ பண்ருட்டியில பலா மரம் முந்திரி மரமெல்லாம் வேரோட சாஞ்சி கெடந்துச்சி, நம்ம வீட்ல ஒரு ஓடு பறக்கல. 2015ல ஊரே மெதந்துச்சி, நம்ம வாசப்படி நனையல. 21ல ஆறு பொங்கி தெருமுனை வரைக்கும் வந்துட்டு திரும்பி போயிடுச்சி. தண்ணிக்கே தெரியும்டா எது யாரு வீடுன்னு."

கேக்க நல்லாத்தான் இருக்கும். நாலு ஆதாரம், அதுவும் எல்லாம் உண்மை. ஆனா ஒண்ணொண்ணா எடுத்து பாருங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி கடல்ல இருந்து வந்துச்சி, தேவனாம்பட்டினம் தாழங்குடா பக்கம் போனா இன்னிக்கும் கதை கதையா சொல்லுவாங்க. 2011 டிசம்பர் 30 காலைல கரையேறுன தானே, காத்து. 2015 மேல இருந்து கொட்டுன மழை. ஆறு நெறஞ்சி கரைய மீறி வர்றதுங்கறது வேற சங்கதி. கணக்கு, இங்கிலீஷ், வரலாறு மூணுலயும் பாஸ் பண்ணிட்டேன் அதனால கெமிஸ்ட்ரியும் பாஸ்தான்னு சொல்ற மாதிரி. நாலாவதா ஒண்ணு சொன்னாரே, 21ல தெருமுனை வரைக்கும் வந்துச்சின்னு, அது ஒண்ணுதான் உண்மையிலயே ஆறு சம்மந்தப்பட்டது, அது அவருக்கு சாதகமான சாட்சியே கெடையாது, அது எச்சரிக்கை. அதையும் தன் பக்கத்து சாட்சியா கூண்டுல ஏத்துனாரு பாருங்க, அங்கதான் எனக்கு முதல்ல பொறி தட்டுச்சி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையேறுச்சி. நகராம அங்கயே நின்னு பேஞ்சிது. அதோட விட்டிருந்தா கூட பரவால்ல, மேல திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் போயி கொட்டுன மழையில தென்பெண்ணை மேல இருக்கற சாத்தனூர் அணை நெறஞ்சி, டிசம்பர் 2ந் தேதி விடியறதுக்குள்ள 1.5 லட்சம் கன அடிக்கும் மேல தொறந்து விட்டாங்க. அவ்ளோ தண்ணியும் நம்ம ஊரு வழியாத்தான கடலுக்கு போவணும். பெரியப்பாவும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு மாடியில ரெண்டு நாள் இருந்தாங்க. தண்ணி வடிஞ்சப்பறம் நான் போயி பாத்தேன். ஃபிரிட்ஜ் சமையக்கட்டுல இருந்து மெதந்து போயி ஹால்ல மல்லாக்க கெடக்குது, அரிசி ட்ரம் கொல்லப்பக்கம் கருவேப்பில செடிமேல சாஞ்சிருக்கு, நாலு சுவத்துலயும் இடுப்பு உயரத்துக்கு ஸ்கேல் வச்சி போட்ட மாதிரி ஒரு பழுப்புக் கோடு. தினசரி காலண்டரோட கீழ் பாதி ஊறி உப்பிக்கிட்டு மேல் பாதி முருகர் மட்டும் நல்லா இருந்தாரு. பெரியப்பா ஒரு பென்சில் எடுத்து அந்தக் கோட்டு மேல 2.12.24ன்னு எழுதிட்டு இருந்தாரு.

சரி இப்பவாவது ஒத்துக்குவாருன்னு பொங்கலுக்கு போனப்போ மெதுவா ஆரம்பிச்சேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அம்பது வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம்டா இது. இப்ப வந்துட்டு போயிடுச்சி. இனிமே என் ஆயுசுல வராது."

எனக்கு ஒரு நிமிஷம் வாயே வரல. வராதப்போ "இதுவரைக்கும் வரல, அதனால வராது." வந்தப்பறம் "இப்பதான் வந்துச்சி, அதனால வராது." ரெண்டும் தலைகீழ் காரணம், ரெண்டுக்கும் ஒரே முடிவு. முடிவ முதல்ல எடுத்து வச்சிட்டு அதுக்கு காரணத்த தினக்கூலிக்கு கூட்டிட்டு வர்ற வேலை.

ரெண்டாவது சொன்னாரே அது நம்ம வீட்ல தாயம் ஆடறப்போ எல்லாரும் பண்றதுதான். பத்து ஆட்டமா தாயம் விழல, இப்ப கண்டிப்பா விழும்னு கட்டைய உள்ளங்கையில வச்சி தேய்ப்போம். கட்டைக்கு ஞாபகம் கெடையாது. போன ஆட்டத்துல என்ன விழுந்துச்சின்னு அதுக்கு தெரியாது. ஆத்துக்கும் அதேதான். நூறு வருஷ வெள்ளம்னு இன்ஜினியருங்க சொல்றதுக்கு அர்த்தம், நூறு வருஷத்துக்கு ஒரு தடவ அட்டெண்டன்ஸ் போட்டுட்டு போயிடும்னு இல்ல, ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு. போன வருஷம் வந்துட்டோமேன்னு இந்த வருஷம் அது லீவு எடுக்காது. ஆபீஸ்ல வேலை இல்லாத நேரம் கால்குலேட்டர்ல 0.99ஐ 30 தடவ பெருக்கி 1ல இருந்து கழிச்சி பாத்தேன், ஒரு வீட்ல 30 வருஷம் இருந்தா நூறு வருஷ வெள்ளத்த ஒரு தடவையாவது பாக்குறதுக்கு 26 சதவீதம் வாய்ப்பு. பெரியப்பா சொல்ற மாதிரி அம்பது வருஷ வெள்ளம்னா 45 சதவீதம். இத ஒரு பேப்பர்ல அழகா எழுதி அவருகிட்ட குடுத்தேன். மடிச்சி சட்டப் பையில வச்சிக்கிட்டாரு. அவ்ளோதான்.

இதெல்லாம் நான் பஸ்ல புலம்பிட்டு வர்றது வழக்கம். எங்க பஸ்ல ஒரு ரிட்டையர்டு தமிழய்யா வருவாரு, பாண்டியில பொண்ணு வீட்டுக்கு பேரன பாத்துக்க தெனமும் போறவரு. மார்கழி மாசம், பஸ்ஸு ஆல்பேட்டை தாண்டி தென்பெண்ணை பாலத்து மேல போவுது, கீழ ஆத்துல நாணலுக்கு மேல வெள்ளையா ஒண்ணு படர்ந்து நிக்குது. "தம்பி, அது என்ன, புகையா பனியா"ன்னாரு. பனிதான் ஐயான்னேன். "எப்படி தெரியும்?" மார்கழி காலைல ஆத்துல வேற என்ன இருக்கும்னேன். "புகையா இருந்தா?" யாராவது எதையாவது கொளுத்தறாங்கன்னு அர்த்தம்னேன். "ஆங், இதத்தான் மணிமேகலையில சொல்லியிருக்கு"ன்னாரு.

எனக்கு மணிமேகலைன்னா அமுதசுரபி, பசிப்பிணி, பத்தாங்கிளாஸ் மனப்பாடப் பாட்டு, அவ்ளோதான் தெரியும். அவரு சொன்னாரு, கடைசிக்கு முன்னாடி காதை, 29ஆவது, பெரும்பகுதியும் வாதம் எப்படி பண்ணணும், எது எதெல்லாம் போலி வாதம்னு பாடம். காஞ்சிபுரத்துல அறவண அடிகள் மணிமேகலைக்கு சொல்லிக் குடுக்கறாரு. ஒரு வாதத்துக்கு மூணு உறுப்பு. 'இந்த மலையில நெருப்பு இருக்கு', இது பக்கம், அதாவது நீ என்ன சொல்ல வர்ற. 'ஏன்னா புகை இருக்கு', இது ஏது, எதனால சொல்ற. 'அடுக்களை மாதிரி', இது திட்டாந்தம், எங்க பாத்திருக்க. மூணுலயும் போலி உண்டு. பக்கப் போலி 9, ஏதுப் போலி 3, அந்த மூணுக்குள்ள உட்பிரிவு போட்டு 14, திட்டாந்தப் போலி 10. அதுல ஒரு போலிதான் புகையா பனியான்னு சந்தேகமா இருக்கறப்பவே நெருப்பு இருக்குன்னு அடிச்சி சொல்றது. இன்னொண்ணு, தான் சொன்னதையே தன் வாயால வெட்டிக்கறது, அதுக்கு சாத்தனார் குடுக்கற உதாரணம் 'என் தாய் மலடி'. பஸ்ல நான் சத்தமா சிரிச்சிட்டேன், கண்டக்டர் திரும்பி பாத்தாரு.

அரிஸ்டாட்டில் 13 வகை போலிய பட்டியல் போட்டாருன்னு வீடியோல பாத்து பிரமிச்சவன் நான். நம்ம ஊருல இத பாட்டாவே எழுதி வச்சிருக்காங்க, உ.வே.சா. 1898லயே அச்சுல கொண்டு வந்துட்டாரு, நான் ஸ்கூல்ல அந்த காதைய கண்ணால கூட பாக்கல. கேள்வி வராதுன்னு விட்டிருப்பாங்க. அதுக்கப்பறம் ரெண்டு வாரம் தெனமும் ஐயா பக்கத்துல சீட்டு புடிச்சி உக்காந்தேன். விதண்டாவாதம்ங்கற வார்த்தைய கூட அவருதான் பிரிச்சி சொன்னாரு. நாம அத எடக்குமடக்கா பேசறதுக்கெல்லாம் சொல்லுவோம், ஆனா நியாய சாஸ்திரத்துல அதுக்கு சரியான அளவு இருக்காம். உண்மைய கண்டுபுடிக்க ரெண்டு பேரும் பேசறது வாதம், ஜெயிக்கறதுக்காக பேசறது ஜல்பம், தனக்குன்னு ஒரு கட்சியே வச்சிக்காம எதிராளி சொல்றத ஒடைக்கறதுக்கு மட்டும் பேசறது விதண்டை. எனக்கு சுருக்குன்னுச்சி. நான் வீட்ல கைய தூக்கிட்டு இருந்தேனே, அது எதுல சேர்த்தின்னு கேக்கவே வேணாம்.

அந்த மூணு உறுப்பையும் வச்சிக்கிட்டு வீட்டுப் பேச்சையும் டீக்கடப் பேச்சையும் கவனிச்சா ஒண்ணு நல்லா தெரியுது. நம்ம ஆளுங்க பேச்சுல பக்கம் இருக்கும், சத்தமா இருக்கும். திட்டாந்தம் இருக்கும், அது அமர்க்களமா இருக்கும், பழமொழியோட, உவமையோட, "எங்க மாமா பையன் ஒருத்தன்..."னு கதையோட. நடுவுல இருக்க வேண்டிய ஏதுதான் காணாமப் போயிருக்கும். எங்க தாத்தா தெனம் ரெண்டு கட்டு பீடி, தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாருன்னு ஒருத்தரு சொல்லுவாரு. சரி, தாத்தா நல்ல திட்டாந்தம். அதனால? பீடி எப்படி அவர காப்பாத்துச்சி? அம்பதுலயே போன மத்த பீடிக்காரங்க டீக்கடைக்கு வந்து வாதாடவா போறாங்க.

பழமொழியில இன்னொரு கூத்து, எந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு ரெடியா இருக்கும். "விளையும் பயிர் முளையிலேயே தெரியும்"னு ஒருத்தரு சொன்னா "உருவத்த பாத்து எடை போடாத"ன்னு இன்னொருத்தரு. ஆனா 'ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்' மட்டும் எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா அது தப்பே இல்ல. ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே தீ, நல்லா கிண்டி விட்டது, அதனால ஒரு பருக்கைய நசுக்கி பாத்தா மொத்தமும் தெரியும். ஏது அதுக்குள்ளயே இருக்கு. பாண்டிக்கு போற பஸ்ல அம்பது பேரும் ஒரே பானையில வெந்த சோறா? ஒரு தெருக்காரங்க, ஒரு சாதிக்காரங்க, வடக்க இருந்து வேலைக்கு வந்த பசங்க, அவங்கள பத்தி பேசறப்போ இந்தப் பழமொழிய எடுத்து போடறவங்க பானை எதுன்னு பாக்கறதே இல்ல.

ஹெல்மெட்டு பேச்சு ஒண்ணு இருக்கு, சீக்கிரம் சொல்லிட்டு போயிடறேன். "ஹெல்மெட் போட்டவனும்தான் செத்துருக்கான்." செத்துருக்கான், இல்லன்னு சொல்லல. பல நாட்டு ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்து பாத்ததுல ஹெல்மெட் சாவ 42 சதவீதமும் தலைக்காயத்த 69 சதவீதமும் கொறைக்குதுன்னு வந்திருக்கு. நூறு சதவீதம் காப்பாத்தாதது எதுவுமே வேணாம்னா குடை எதுக்கு, அதுலயும்தான் கால் நனையுது.

இப்ப என் கதைக்கு வர்றேன். இத எழுதணுமான்னு யோசிச்சேன்.

போன வருஷம் அத்தைக்கு முதுகுல அக்கி வந்துச்சி. ஒரு பக்கமா, முதுகுல இருந்து விலாவ சுத்தி பெல்ட்டு மாதிரி கொப்பளம், தீ வச்ச மாதிரி எரிச்சல். மாமா உடனே மண்பானை செய்யறவரு ஒருத்தர கூட்டிட்டு வந்து அக்கி எழுதினாரு. பாத்திருப்பீங்க, செங்காவிய கொழச்சி கோழி எறகால கொப்பளத்த சுத்தி எழுதுவாங்க, கடைசில சிங்கம் மாதிரி ஒண்ணு வரைவாங்க. மூணு நாள் எழுதினாரு. நான் டாக்டர்கிட்ட போலாம்னு கத்திக்கிட்டே இருந்தேன். அக்கிங்கறது சின்ன வயசுல நமக்கு வந்த சின்னம்மையோட வைரஸ்தான், அது நரம்புக்குள்ள தூங்கிட்டு இருந்து வயசான காலத்துல எந்திரிக்குது, 3 நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா வேகம் கொறையும், கண்ணு பக்கம் வந்தா பார்வைக்கே ஆபத்து. இதெல்லாம் சரியான விஷயம். ஆனா நான் இதையா சொன்னேன்? "அந்தாளுக்கு என்ன தெரியும், பானை செய்யற ஆளு, அவரு போயி வைத்தியம் பாக்கறாரு"ன்னு கத்தினேன். அவரு வாசல்ல உக்காந்து கைய கழுவிட்டு இருந்தாரு. கேட்டிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி என் பொண்டாட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "ஏங்க, அவரு சொன்ன வைத்தியம் தப்புன்னா அதச் சொல்லுங்க. அவரு பானை செய்யறதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? நாளைக்கு ஒரு எம்.பி.பி.எஸ். படிச்சவரு வந்து காவி தடவுனா ஒத்துக்குவீங்களா?" இங்கிலீஷ்ல அதுக்கு பேரு மனப்பாடமா தெரிஞ்சவன் நான், அவளுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது.

அத்தைக்கு மூணு வாரத்துல காஞ்சி உதுந்துடுச்சி. "பாத்தியா, எழுதுனதும் சரியாச்சி"ன்னாரு மாமா. அக்கி பெரும்பாலும் ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தானாவே காயற நோய், எழுதினாலும் எழுதலன்னாலும். ரெண்டு பக்கமும் பொருந்தற காரணத்த வச்சி ஒரு பக்கத்த நிரூபிக்க முடியாது, மணிமேகலையில அந்த ஏதுப் போலிக்கு அநைகாந்திகம்னு பேரு, தமிழய்யா எனக்கு மூணு தடவ சொல்லிக் குடுத்தும் இன்னும் வாய்ல ஒழுங்கா நுழையல. ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடலன்னா ஒரு வாரம்னு சொல்லுவோமே, அதேதான். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. ஆனா இத நான் மாமாகிட்ட பொறுமையா சொல்லலாம்னு போனப்போ அவரு கேக்கற நெலமையில இல்ல, ஏன்னா அவரு காதுல விழுந்தது முதல்ல நான் பேசுன பேச்சு. வாதத்துல ஒரு தப்பு பண்ணா அந்த தப்பு அந்த எடத்தோட முடிஞ்சி போறதில்ல, சரியா இருக்கற பாக்கியையும் சேத்து இழுத்துக்கிட்டு போயிடுது.

அப்பறம் நம்ம ஊரு கேஸ் ஒண்ணு இருக்கே, அத சொல்லாம எப்படி. மஞ்சக்குப்பம் கோர்ட்டு, 1869. வள்ளலார் பாட்ட அருட்பான்னு சொல்லலாமா, இல்ல மருட்பாவான்னு பெரிய சண்டை, ரெண்டு பக்கமும் பிரசங்கம், துண்டுப் பிரசுரம், திட்டு. ஆறுமுக நாவலர் கேஸ் போட்டாரு. அன்னிக்கு கோர்ட்டுல என்ன நடந்துச்சின்னு எங்க ஊர்ல சொல்ற கதை இது: வள்ளலார் உள்ள வந்தாரு, எல்லாரும் எந்திரிச்சாங்க, கேஸ் போட்ட நாவலரும் தன்னையறியாம எந்திரிச்சி கும்பிட்டாரு, ஜட்ஜ் அத பாத்துட்டு நீரே கும்பிடறீர் அப்பறம் கேஸ் எதுக்குன்னு தள்ளிட்டாரு. சின்ன வயசுல எங்க தாத்தா இத சொல்றப்போ எனக்கு மயிர்க்கூச்செறியும். நடந்துச்சோ இல்லையோ, கதையாவே வச்சிக்குவோம். இப்ப யோசிச்சா, ஒருத்தர பாத்து எந்திரிச்சி கும்பிடறது அவரு மேல மரியாதை இருக்குன்னு காட்டும், சரி. போட்ட கேஸ் சரியா தப்பான்னு அதுல எப்படி தெரியும்? எதிராளிய மதிச்சிக்கிட்டே எதிர்த்து வாதாட முடியாதா? இத தமிழய்யாகிட்ட சொன்னேன், அவரு வடலூர் பக்தரு, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அரியாங்குப்பம் வந்தப்பறம் "நீ சொல்றது சரிதான், ஆனா கதை தப்புங்கறதால வள்ளலார் சின்னவரா ஆயிட மாட்டாரு"ன்னாரு. நூத்துக்கு நூறு சரி. காரணம் ஓட்டைங்கறதால முடிவும் ஓட்டைன்னு சொல்றது எங்கள மாதிரி புதுசா கத்துக்கிட்டவங்க விழற குழி. பெரியப்பா ஓட்டை காரணம் சொன்னாருங்கறதுக்காக அடுத்த வருஷம் வெள்ளம் வந்தே தீரும்னு ஆயிடாது.

பெரியப்பா விஷயம் இன்னும் கொஞ்சம் இருக்கு. போன தீபாவளிக்கு அவருக்கு பேங்க்ல ஒரு வேலை, நான் கூட போனேன். பாஸ்புக்க பிரிண்ட் போட்டு நான்தான் வாங்குனேன், கண்ணு தானா கடைசி வரிக்கு போயிடுச்சி. வீட்ட தூக்கறதுக்கு ஆள் கூப்பிட்டு கேட்டா சொல்ற தொகையில கால்வாசி கூட அதுல இல்ல. சின்னக்கா கல்யாணக் கடன் இன்னும் முடியலன்னு எனக்கு தெரியும், இவ்ளோ இருக்கும்னு தெரியாது. பெரியப்பா என்ன பாத்தாரு, நான் பாஸ்புக்க மூடி குடுத்தேன். சட்டப் பையில வச்சிக்கிட்டாரு, அதுக்குள்ள மடிச்ச பேப்பர் ஒண்ணு ஏற்கனவே இருந்துச்சி, நான் எழுதிக் குடுத்த கணக்கு. இத்தனை வருஷமா சுனாமி, தானே, 2015, அம்பது வருஷத்துக்கு ஒருக்கான்னு அவரு அடுக்குன அத்தனை ஏதுவும் போலின்னு நான் புள்ளிவிவரத்தோட நிரூபிச்சிட்டு இருந்தேன். நெசமான ஏது இதுதான், அத அவரு வாயால சொல்ல மாட்டாரு, அதுவும் தம்பி மகன்கிட்ட. பேங்க்ல இருந்து வெளிய வந்து ஆளுக்கொரு காபி குடிச்சோம். வெள்ளத்த பத்தி நான் பேசல.

இந்த வாரம் என் பொண்ணு. ப்ளஸ் டூ முடிக்கறா, கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ், ஹாஸ்டல்ல தங்கி படிக்கறேங்கறா. நான் வேணாம்னேன். ஏன்னு கேட்டா. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு பொண்ணு ஹாஸ்டல் போயி சாப்பாடு ஒத்துக்காம ஆறு மாசத்துல திரும்பி வந்துடுச்சின்னேன். அப்பறம் பக்கத்து தெரு பையன் கதை ஒண்ணு சொன்னேன். அப்பறம் இன்னிக்கு ஹாஸ்டலும்ப, நாளைக்கு பெங்களூரும்ப, அதுக்கப்பறம் அமெரிக்காம்பன்னேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, இத்தனை மாசமா என்கூட இருந்து கெட்டுப் போன பொண்ணு, "அப்பா, பக்கம் சொல்லிட்ட. திட்டாந்தம் மூணு சொல்லிட்ட. ஏது எங்கப்பா?"ன்னா.

காலைல ஆறேகாலுக்கு நான் கெளம்பறப்போ அரைத் தூக்கத்துல வந்து கேட்டுக்கு தாப்பா போட்டுட்டு போறது அவதான். அது ஞாபகத்துக்கு வந்துச்சி. உள்ள அம்மா ஏதோ பாத்திரத்த உருட்டிட்டு இருந்தாங்க, சத்தம் நின்னு போச்சி, அவங்களும் பதிலுக்குத்தான் காத்திருக்காங்க போல.

மழ வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கெடக்கு, போயி எடுத்துட்டு வா பாப்பான்னேன். அவ ஜன்னல் வழியா வானத்த ஒரு தடவ எட்டி பாத்தா. வெயில் கொளுத்திட்டு இருந்துச்சி.